தார் பாலைவன ஏரி வண்டல்: கார்பன்-14 தேதியை எவ்வளவு நம்பலாம்?

மணல்மேடு:
இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. பிகானேர் மாவட்டத்து லுங்கரன்சர் ஏரி கார்பன் கணக்கில் சுமார் 4800 ஆண்டுகளுக்கு முன் வற்றிவிட்டது என்று 1999இல் யெஹூதா என்செல் குழு எழுதியது. நாட்காட்டி ஆண்டுக்கு மாற்றினால் ஏறத்தாழ 5500. அப்படியென்றால் ஹரப்பா நகரங்கள் (கி.மு. 2600–1900) எழுந்ததே ஏரி வற்றி வெகுகாலம் கழித்து. ஹரியானாவின் கோட்லா தாஹர் ஏரிப்படுகையில் நத்தை ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பை வைத்து 2014இல் வந்த ஆய்வோ, பருவமழை சட்டென்று நலிந்தது 4100 ஆண்டுகளுக்கு முன் என்கிறது. அதற்கும் முன்னால், 1970களில் குர்தீப் சிங் மகரந்தத்தை வைத்து, ஹரப்பா செழித்த காலமே ஈரமான காலம் என்றார்.

என் கேள்வி தொல்லியல் பற்றியதல்ல. இந்த முரணில் எவ்வளவு பங்கு மழையுடையது, எவ்வளவு பங்கு தேதிப் பிழையுடையது? ஆய்வகம் ±30 என்று அச்சடித்துத் தருகிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கரித்துண்டு:
±30 என்பது கருவி அணுக்களை எண்ணியதில் உள்ள பிழை மட்டும். அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஏரித் தேதியில் பெரிய பிழை வருவது அங்கேதான்.

கணக்கு எளிது. கார்பன் வயது = 8033 × ln(1/எஃப்). எஃப் என்பது மாதிரியில் மிச்சமுள்ள கார்பன்-14இன் பங்கு. 8033 என்பது இம்முறையைக் கண்டுபிடித்த லிபியின் 5568 ஆண்டு அரைவாழ்விலிருந்து வரும் சராசரி ஆயுள். உண்மையான அரைவாழ்வு 5730 என்றாலும் மரபுக் கார்பன் வயதுக்குப் பழைய எண்ணையே வைத்திருக்கிறார்கள். கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றித் தரும் வளைகோட்டில் போடும்போது அது சரியாகிவிடும். மாதிரிக்குள் கார்பன்-14 அறவே இல்லாத 'இறந்த' கார்பன் கலந்தால் வயது இப்படிக் கூடும்:

1% கலந்தால் 80 ஆண்டு
3% கலந்தால் ஏறத்தாழ 250 ஆண்டு
5% கலந்தால் 410 ஆண்டு
10% கலந்தால் 850 ஆண்டு
20% கலந்தால் 1800 ஆண்டு

இந்தக் கூடுதல் மாதிரியின் உண்மை வயதைப் பொறுத்ததல்ல. நேற்றைய பாசியானாலும் பத்தாயிரம் ஆண்டுப் பாசியானாலும் 5% இறந்த கார்பன் 410 ஆண்டைத்தான் சேர்க்கும்.

இப்போது உங்கள் கேள்விக்குப் போட்டுப் பாருங்கள். 4100 ஆண்டுக்கு முன் என்றால் கி.மு. 2150. நகரங்கள் கலைந்தது கி.மு. 1900 வாக்கில். நடுவே 250 ஆண்டு. வெறும் 3% இறந்த கார்பன் போதும், மழை பொய்த்ததும் நகரம் கலைந்ததும் ஒரே காலமா, ஒன்று முந்தியதா என்ற வாதம் தலைகீழாகிவிடும்.

கீழைக்காற்று:
இறந்த கார்பன் வருவது சுண்ணாம்புக் கல்லிலிருந்துதானே? தார் பாலைவனத்தில் சுண்ணாம்பு அதிகமா?

கரித்துண்டு:
மணலுக்கடியில் எங்கும் கங்கர் எனப்படும் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கின்றன. மழைநீர் மண்ணின் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்பைக் கரைக்கும்போது உருவாகும் பைகார்பனேட்டில் பாதிக் கார்பன் மண்காற்றிலிருந்து, பாதி கல்லிலிருந்து. ஏட்டுக் கணக்கில் இது ஒரு முழு அரைவாழ்வுப் பிழை, 5568 ஆண்டு. நடைமுறையில் மண்காற்றோடும் வளிமண்டலத்தோடும் பரிமாற்றம் நடப்பதால் அவ்வளவு வராது. கங்கர் முற்றிலும் இறந்த கார்பனும் அல்ல. கட்டியின் வயதைப் பொறுத்துக் கொஞ்சம் கார்பன்-14 அதிலேயே இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிகானேர் அருகே பலானாவில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அந்தத் துகள் காற்றில் வந்து விழுந்தால் அது முழு இறந்த கார்பன். அமிலத்தில் கரையாது, காரத்தில் ஒரு பகுதி கரையும். ஹியூமிக் அமிலத்தை (வண்டல் கரிமத்தில் காரத்தில் கரையும் பகுதி) பிரித்து எடுத்துத் தேதி பார்த்தாலும் தப்பிக்க முடியாது.

வெள்ளுப்பு:
இப்படிச் சுண்ணாம்பு கரைந்த நீரால் தேதி முதுமையாவதுதான் கடின நீர் விளைவு. அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கல்லையே பார்க்கிறார்கள். ஏரியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

நீர்ப்பரப்பு வழியாக வளிமண்டலக் கார்பன் உள்ளே நுழையும் வேகம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 மோல் என்று வைத்துக்கொள்வோம் (காற்று, பிஎச் பொறுத்துப் பல மடங்கு மாறும்). 2 மீட்டர் ஆழ ஏரியில் கன மீட்டருக்கு 20 மோல் கரைந்த கார்பன் இருந்தால் மொத்தம் 40 மோல். நான்கு ஆண்டில் பரிமாறி முடிந்துவிடும். 25 மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 30 மோல் என்றால் 750 மோல். 75 ஆண்டு ஆகும். கலிபோர்னியாவின் மோனோ ஏரி மாதிரி காரம் மிகுந்த நீரில் கன மீட்டருக்கு நூற்றுக்கணக்கான மோல் கரைந்திருக்கும். அங்கே பரிமாற்றம் பல நூறு ஆண்டு இழுக்கும்.

ஆகவே ஆழமில்லாத தார் உப்பளங்களில் கரைந்த கார்பனால் வரும் பிழை சின்னதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிலத்தடி ஊற்று ஓயாமல் பழைய நீரைக் கொண்டுவந்து கொட்டும் ஏரி என்றால் மட்டும் கதை வேறு. முக்கியமானது, ஏரி பெருகும்போதும் சுருங்கும்போதும் ஆழமும் வரத்தும் மாறுவதால் இந்தப் பிழையும் மாறும். ஒரே எண்ணை மேலிருந்து கீழ் வரை கழிப்பவர்களை நான் நம்புவதில்லை. சீனாவில் சைதாம் படுகையின் வடக்கு ஓரத்திலுள்ள சுகன் ஏரியில் ஆண்டடுக்குகளை எண்ணி ஒப்பிட்டார்கள். பிழை காலத்துக்குக் காலம் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஏறி இறங்கியிருந்தது.

மணல்மேடு:
ஆனால் வழக்கமாக அப்படித்தானே செய்கிறார்கள்? தேதிகளை ஆழத்துக்கு எதிராக வரைந்து, கோட்டை மேற்பரப்பு வரை நீட்டி, 0 செ.மீ.யில் வரும் வயதைத் தேக்கப் பிழை (ஏரிநீரில் தேங்கிய பழைய கார்பனால் கூடும் வயது) என்று எல்லாத் தேதியிலிருந்தும் கழிக்கிறார்கள்.

வெள்ளுப்பு:
அந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: மேற்பரப்பு இன்றையதாக இருக்க வேண்டும். நீர் நிற்கும் ஏரிக்கு ஓரளவு சரி. வற்றிய உப்பளத்தில் காற்று மேலடுக்கை வாரிக்கொண்டு போயிருக்கும். லுங்கரன்சர் மாதிரி ஆயிரக்கணக்கான ஆண்டு வறண்டு கிடந்த இடத்தில் 0 செ.மீ. என்பது இன்று இல்லை. கோடு அங்கே 1500 என்று காட்டினால் அது தேக்கப் பிழையா, காணாமல் போன 1500 ஆண்டு மண்ணா? கோட்டை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. கழித்தால் மொத்த வரிசையும் 1500 ஆண்டு இளமையாகிவிடும்.

ஈயம்-210 வைத்து மேற்பரப்பைச் சோதிக்கலாம். அரைவாழ்வு 22.3 ஆண்டு, 100 முதல் 150 ஆண்டு வரைதான் பயன்படும். முதல் 10 செ.மீ.யை 1 செ.மீ. துண்டுகளாக அறுத்துப் பாருங்கள். வளிமண்டலத்திலிருந்து விழுந்த உபரி ஈயம் ஆழத்தோடு படிப்படியாகக் குறைந்தால் மேற்பரப்பு இன்றையது. முதல் செ.மீ.யிலேயே உபரி இல்லையென்றால் அரிப்பு நடந்திருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் படிந்த சீசியம்-137இன் 1963 உச்சமும் உதவும்; ஆனால் உப்புநீரில் சீசியம் நகர்வதுண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நத்தைக்கூடு:
இன்றைய ஏரிநீரையே அளந்து தேக்கப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழக்கத்தையும் இதோடு சேருங்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பிறகு கடலும் காடும் உறிஞ்சியதாலும், புதைபடிவ எரிபொருளின் இறந்த கார்பன் கலந்ததாலும் இப்போது காற்று பழைய நிலைக்கு அருகில் வந்துவிட்டது. மெதுவாகப் பரிமாறும் ஏரியிலோ அந்தக் குண்டுக் கார்பன் இன்னும் தங்கியிருக்கலாம். இன்றைய நீர் 200 ஆண்டுப் பிழை காட்டினால் 1950க்கு முன் அது 600ஆகக்கூட இருந்திருக்கும். அருங்காட்சியகத்தில் 1950க்கு முன் உயிரோடு சேகரித்த, தேதி எழுதிவைத்த ஓடு கிடைத்தால் அதுவே மேல்.

கரித்துண்டு:
இதுவரை சொன்னதெல்லாம் நீரில் கரைந்த கார்பன். வறண்ட பகுதியில் அதைவிட மோசமானது தூசியாகவும் பழைய மண்ணாகவும் வந்து விழும் திடக் கார்பன். இதைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை.

உப்பள வண்டலில் கரிமக் கார்பன் மிகக் குறைவு, 0.3% என்றால் வழக்கமானது. அந்த 0.3இல் 0.06 பழைய இறந்த கார்பனாக இருந்தால் அது மொத்தக் கரிமத்தில் 20%. வயது 1800 ஆண்டு கூடிவிடும். அதே ஏரி நிறைந்து, பாசி செழித்த காலத்தில் கரிமக் கார்பன் 3% இருக்கும். அதே 0.06 தூசி அங்கே வெறும் 2%. பிழை 160 ஆண்டு.

புரிகிறதா? ஏரி வற்றும் எல்லையில் கரிமம் குறைகிறது, புயல்தூசி கூடுகிறது, பிழை பல மடங்காகிறது. நாம் தேதி தேடுவதே அந்த எல்லைக்குத்தான். பிழை ஏனோதானோவென்று சிதறினால் சராசரி எடுத்துச் சமாளிக்கலாம். இது பருவநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, அதுவும் எப்போதும் வறட்சியை முன்னால் தள்ளும் திசையில். எல்லைக்கு மேலே உள்ள மண் கீழே உள்ளதைவிடப் பழையதாகத் தேதி காட்டினால், அதைத் தலைகீழ்த் தேதி என்று தூக்கி எறிந்துவிட்டுப் போகாதீர்கள். அதுதான் தூசியின் கையெழுத்து.

கீழைக்காற்று:
அப்படியானால் பாலைவன ஏரித் தேதி எல்லாமே குப்பை என்று எழுதிவிடலாமா?

வெள்ளுப்பு:
கேள்வியைப் பொறுத்தது சார். ராஜஸ்தானின் டிட்வானா உப்பளம் உறைபனி உச்சக் காலத்தில் (சுமார் 20,000 ஆண்டுக்கு முன்) கடும் உப்பாக இருந்ததா, ஹோலோசீன் (கடைசி 11,700 ஆண்டு) நடுவில் நன்னீரானதா என்று கேட்டால் 500 ஆண்டுப் பிழை ஒரு பொருட்டே இல்லை. ஒரு நகரம் கலைந்ததற்கும் மழை பொய்த்ததற்கும் 250 ஆண்டு இடைவெளியில் காரண காரியம் கட்டினால்தான் வம்பு.

மணல்மேடு:
சரி, எதைத் தேதி பார்ப்பது? நிலத்தாவர விதை என்று எல்லாரும் எழுதுகிறார்கள்.

நத்தைக்கூடு:
நிலத்தாவரம் என்பதில் உறுதியாக இருங்கள். உப்பேரியில் மிக அழகாகக் கிடைப்பது ரப்பியா விதை. கறுத்து, உறுதியாக, சல்லடையில் பளிச்சென்று நிற்கும். அது நீருக்குள் மூழ்கி வளரும் செடி, பைகார்பனேட்டை எடுத்துக்கொள்ளும். பொட்டமோஜெட்டான், காரா பாசியின் வித்துக்கூடு எல்லாம் அதே ரகம். கோரை விதை பெரும்பாலும் தேவலை, இலை நீருக்கு வெளியே நிற்பதால் காற்றுக் கார்பனைத்தான் எடுக்கும்.

கார்பன்-13 விகிதம் பார்த்து நீர்த்தாவரம், நிலத்தாவரம் என்று பிரிப்பது ஐரோப்பிய ஏரிகளில் ஓரளவு செல்லும். தாரில் செல்லாது. அங்கே புற்கள் பெரும்பாலும் சி4 வகை (வெப்பப் பகுதிப் புற்களின் ஒளிச்சேர்க்கை வகை), ஆயிரத்துக்கு −12 முதல் −14 வரை. காரநீரில் மூழ்கிய தாவரமும் −10 முதல் −15 வரை வரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். கார்பன்–நைட்ரஜன் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்: பாசி 4 முதல் 10, நிலத்தாவரம் 20க்கு மேல்.

கரித்துண்டு கிடைத்தால் (நண்பர் பெயரைச் சொல்லவில்லை) சுள்ளிக் கரியாகப் பொறுக்குங்கள். வன்னி மரத்தின் வைரக்கட்டைக் கரி என்றால் மரத்தின் வயதே நூற்றாண்டுக் கணக்கில் கூடிவிடும்.

கீழைக்காற்று:
உப்பள மண்ணில் விதையே கிடைக்காதே. எல்லாம் ஆக்சிஜனேற்றம் ஆகிப் போயிருக்கும்.

நத்தைக்கூடு:
உண்மைதான், பல அடுக்குகளில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் ஒரே இடத்தில் மூன்று நான்கு துளை போட்டு, அடுக்குகளைப் பொருத்தி, ஒரே மட்டத்து மண்ணை ஒன்றாகச் சேர்த்து 125 மைக்ரான் சல்லடையில் ஈரமாகக் கழுவ வேண்டும். துண்டின் தடிமனைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு 0.1 மி.மீ. படியும் இடத்தில் 1 செ.மீ. என்பதே 100 ஆண்டு, 5 செ.மீ. எடுத்தால் 500 ஆண்டைக் கலக்கிவிட்டீர்கள்.

பொறுக்கிய விதையை ஈரமாகக் குப்பியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பூஞ்சை வளர்ந்து இன்றைய கார்பனைக் கொண்டுவரும், தேதி இளமையாகும். அன்றே 60 டிகிரியில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். பருத்தித் துணி, காகிதம், பஞ்சு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கரித்துண்டு:
விதை கிடைக்காமல் மொத்த வண்டலைத்தான் அனுப்ப வேண்டும் என்றால் தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை.

மண்தூணின் வெளிப்புறம் அரை முதல் ஒரு செ.மீ. சுரண்டி எறியுங்கள், துளையிடும்போது மேல்மண் அங்கே இழுபட்டிருக்கும், மசகு எண்ணெய் பட்டிருந்தால் அது இறந்த கார்பன். முடிந்தால் எக்ஸ்ரே படம் எடுத்து வெடிப்புகளைக் குறியுங்கள். உப்பளம் காயும்போது வெடிப்பு பல பத்து செ.மீ. இறங்கும், அதற்குள் மேல்மண் கொட்டும். வேரைச் சாமணத்தால் பொறுக்குங்கள்.

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 80 டிகிரியில், குமிழி முற்றிலும் நிற்கும்வரை. டோலமைட் இருந்தால் சூடில்லாமல் கரையாது. மீதமானால் அதுவே இறந்த கார்பன். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், அமிலத்தை நாலைந்து முறை மாற்ற வேண்டும். பிறகு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, நீர் பழுப்பு நிறம் விடுவது நிற்கும்வரை. கடைசியில் மறுபடி அமிலம். இதைத் தவிர்த்தால் காரம் காற்றிலிருந்து உறிஞ்சிய இன்றைய கார்பன் உள்ளேயே தங்கிவிடும். பின் நடுநிலை வரும்வரை கழுவி உலர்த்தல்.

0.3% கரிமம் உள்ள மண்ணில் 1 மி.கி. கார்பன் வேண்டுமென்றால் கணக்குப்படி 330 மி.கி. மண் போதும். காரத்தில் பாதி போய்விடும் என்பதால் 2 கிராம் எடுங்கள். எரிக்கும்போது குழாயில் வெள்ளிக் கம்பி போடச் சொல்லுங்கள்: சல்பேட்டிலிருந்து வரும் கந்தகமும் உப்பின் குளோரினும் இரும்பு வினையூக்கியைக் கெடுத்து, அளப்பதற்காகக் கார்பனைக் கிராஃபைட்டாக்கும் வினை பாதியில் நின்றுவிடும். உப்பள மாதிரி 'தோல்வி' என்று திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கரைந்த ஹியூமிக், கரையாத ஹியூமின் இரண்டையும் தனித்தனியே தேதி பாருங்கள். ஒத்துப்போனால் நிம்மதி. ஹியூமிக் இளமையாக இருந்தால் மேலிருந்து கசிந்திருக்கிறது. ஹியூமின் முதுமையாக இருந்தால் தூசி அல்லது நிலக்கரி.

மணல்மேடு:
மகரந்தத்தை மட்டும் பிரித்துத் தேதி பார்க்கலாமா?

கரித்துண்டு:
பார்க்கலாம், ஆனால் வழக்கமான அசிட்டாலிசிஸ் முறையில் பிரிக்காதீர்கள்; அசிட்டிக் அன்ஹைட்ரைடு தன் கார்பனை ஒட்டிவிடும். சோடியம் பாலிடங்ஸ்டேட் கனத்திரவத்தில் மிதக்கவிட்டுப் பிரிப்பது நல்லது, அதில் கார்பனே இல்லை. ஆனாலும் தாரில் பழைய ஏரிப்படுகை அரிபட்டு வந்த பழைய மகரந்தமும் கலந்திருக்கும்.

நத்தைக்கூடு:
ஓட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடு கரைந்த கார்பனால் ஆனது, தேக்கப் பிழை முழுவதும் அதில் இருக்கும். கோட்லா தாஹரில் பயன்பட்ட மெலனாய்டிஸ் நத்தை அடிமண்ணில் மேய்வது. ஆக்சிஜன் ஐசோடோப்புக்கு அருமையான பொருள். தேதிக்கு அதே ஓட்டைப் பயன்படுத்தினால் பக்கத்தில் ஒரு நிலத்தாவரத் தேதி இல்லாமல் ஏற்க மாட்டேன்.

30,000 ஆண்டுக்கு அப்பால் போனால் பிழை திசை மாறும். அங்கே பயம் பழைய கார்பனல்ல, புதிய கார்பன். 5000 ஆண்டு மாதிரியில் 1% இன்றைய கார்பன் புகுந்தால் 70 ஆண்டுதான் இளமையாகும். 30,000 ஆண்டு மாதிரியில் அதே 1% ஏறத்தாழ 2750 ஆண்டு இளமையாக்கும். கார்பன்-14 முற்றிலும் தீர்ந்துபோன அளவுக்குப் பழைய ஓட்டில் 1% புகுந்தால் 37,000 என்று ஒரு மதிப்பான தேதி வந்து நிற்கும், ± எல்லாம் சேர்த்து.

சைதாம் படுகையின் ஓட்டுத்திட்டு இதற்குப் பாடம். கார்பன் தேதிகள் 40,000க்கும் 17,000க்கும் இடையே விழுந்தன. அதை நம்பி அக்காலத்தில் பெரும் ஏரி இருந்தது என்று எழுதினார்கள். மணல்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளியூட்டுக் காலக்கணிப்பு, ஓ.எஸ்.எல்., அதே திட்டுக்குச் சுமார் 1 லட்சம் ஆண்டு என்றது. தேதி 25,000க்கும் 40,000க்கும் நடுவே கும்பலாக விழுந்தால், வறண்ட பகுதியில் முதல் சந்தேகம் இதுதான். படிக வகையைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. சோதனையில், அரகோனைட்டால் ஆன ஓட்டில் கால்சைட் (இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் படிக வகைகள்) தெரிந்தால் மறுபடிகமாகியிருக்கிறது, ஒதுக்குங்கள். தெரியாவிட்டாலும் வெளிப்புறம் 30% கரைத்துவிட்டு உள்பகுதியை அனுப்புங்கள்.

வெள்ளுப்பு:
ஓ.எஸ்.எல். தப்பே செய்யாது என்று நினைக்க வேண்டாம். ஈரப்பத அளவு 1% மாறினால் வயதும் ஏறக்குறைய 1% மாறும். இன்று காய்ந்து கிடக்கும் மண் ஐயாயிரம் ஆண்டில் எத்தனை காலம் நனைந்திருந்தது என்பது ஊகம்தான். ஆனால் அதன் பிழை கார்பனின் பிழையோடு தொடர்பில்லாதது. அதனால்தான் துணைக்கு வேண்டும்.

கீழைக்காற்று:
12 தேதிக்குத்தான் பணம் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் பங்கிடுவீர்கள்?

வெள்ளுப்பு:
12 மொத்த வண்டல் தேதியை வரிசையாகப் போட்டால் கோடு அழகாக இருக்கும், எதையும் நிரூபிக்காது. நான்கு மட்டம் எடுங்கள்: அடி, நிறைந்த கால நடு, வற்றும் எல்லைக்கு உடனே கீழே, உடனே மேலே. ஒவ்வொன்றிலும் மொத்த வண்டல், நிலத்தாவரம் அல்லது சுள்ளிக்கரி, ஓடு. மூன்றும் கிடைக்காத மட்டத்தில் ஹியூமிக்–ஹியூமின் ஜோடி. மட்டத்துக்கு மட்டம் பிழை எவ்வளவு மாறுகிறது என்பது நேரடியாகத் தெரியும்.

தேதிகளை ஆழத்தோடு பொருத்தி வயது கணிக்கும் பேக்கன் என்ற கணினி நிரலில் போடும்போது ஒவ்வொரு தேதிக்கும் தேக்கப் பிழையின் சராசரியையும் விலகலையும் தனியே கொடுக்கலாம். 400 ± 30 என்று தைரியமாகப் போடாதீர்கள். 400 ± 250 என்று போட்டு வயது வரம்பு எவ்வளவு விரிகிறது பாருங்கள். அரிப்புத் தளம் தெரிந்தால் இடைவெளி ஆழத்தையும் கொடுங்கள், இல்லாவிட்டால் நிரல் அதை மெதுவான படிவாகக் கற்பனை செய்துகொள்ளும்.

மணல்மேடு:
முதல் கேள்விக்கே வருகிறேன். லுங்கரன்சரின் 5500 தேதிப் பிழையால் வந்ததாக இருக்குமா?

கரித்துண்டு:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4100 நாட்காட்டி ஆண்டு என்றால் கார்பன் வயது ஏறத்தாழ 3750. லுங்கரன்சர் காட்டுவது 4800. வித்தியாசம் 1050. அதற்கு 12% இறந்த கார்பன் வேண்டும். ஏரி நிறைந்திருந்த காலத்துக் கரிமம் செழித்த மண்ணில் அவ்வளவு தூசி என்பதை நம்புவது கடினம். எல்லைக்கு மேலுள்ள வெளுத்த மண்ணில் என்றால் தாராளமாக நடக்கும். ஆகவே தேதி எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

என் கருத்து: 5500 சில நூறு ஆண்டு இறங்கலாம், 4100 வரை இறங்காது. கோட்லா தாஹர் பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில், மழை கூடுதலாகப் பெய்யும் இடம். மேற்கே முதலில் வற்றி, கிழக்கே பின்னால் வற்றியதில் முரணே இல்லை. மேகாலயாவின் மாம்லூ குகைப் படிவு யுரேனியம்–தோரியம் முறையில் தேதி கண்டது, கடின நீர் அதை இந்த விதத்தில் தொடாது. அது ஏறத்தாழ 4200 ஆண்டுக்கு முன் மழை குறைந்ததைக் காட்டுகிறது. கோட்லா தாஹர் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் இந்த ஒற்றுமையையே ஆதாரமாக்கி, குகைத் தேதியோடு பொருந்தும்படி ஏரியின் தேக்கப் பிழையைச் சரிசெய்தால் அது வட்டவாதம்.

கீழைக்காற்று:
கட்டுரை எழுதுபவர்கள் எதையெல்லாம் அட்டவணையில் கொடுத்தால் பின்னால் வருபவர் மறுகணக்கு போட முடியும்?

நத்தைக்கூடு:
ஆய்வகக் குறியீட்டு எண், ஆழத்தின் மேல் கீழ் எல்லை, என்ன பொருள் (வெறும் 'கரிமம்' என்று எழுதாமல் எந்த விதை, எந்தப் பகுதி), முன்தயாரிப்பு, கார்பன் எடை, மண்ணின் மொத்தக் கரிம விழுக்காடு, கார்பன்-13 எந்தக் கருவியில் அளந்தது, வளைகோட்டில் போடாத மரபு வயது. தேக்கப் பிழையைக் கழித்த எண்ணை மட்டும் கொடுத்தால் இன்ட்கால்20 என்ற வளைகோட்டுக்கு அடுத்தது வரும்போது அந்தத் தேதியைத் திருப்பி எடுக்கவே முடியாது. ஒதுக்கிய தேதிகளையும் காரணத்தோடு அதே அட்டவணையில் போடச் சொல்லுங்கள்.